பண்டத்தரிப்பு வைத்தியரின் பாட்டனார்

அமெரிக்காவில் வாழும் நண்பர்களிடம் பேசும்போது ஒரு விடயம் என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்தும். தமது நாடு தோன்றுவதற்குக் காரணமான 1775 - 1783 புரட்சிப் போரில் தமது முன்னோர் எவராவது பங்குகொண்டனரா என்று தேடுவதில் அந்நாட்டு மக்கள் காட்டும் அக்கறை அளவிறந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள், விவசாயிகள் எனப் பலதரப்பட்டவர்களும் சுவடிக்கூடங்களில் நாட்கணக்காக அமர்ந்து பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறார்கள். 1889இல் தோன்றிய அமெரிக்கப் புரட்சியின் மைந்தர் சங்கமும், 1890இல் வொஷிங்டன் நகரில் தொடங்கப்பட்ட அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் சங்கமும் இந்தத் தேடலை ஒரு நிறுவன முயற்சியாகவே வளர்த்துவிட்டன.

இச்சங்கங்களில் அங்கத்தவராவதற்கு வெறும் குடும்பக் கதை போதாது. விண்ணப்பதாரியிலிருந்து தொடங்கி அவரது தாய் அல்லது தந்தை, அவர்களது பெற்றோர், அவர்களுக்கும் முந்தியவர்கள் என ஒவ்வொரு தலைமுறையையும் ஆவணங்களால் இணைத்துக் காட்ட வேண்டும். இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். சங்கிலியின் மறுமுனையில் இருப்பவர் புரட்சியை ஆதரித்தார் என்பதற்கும் தனியாகச் சான்று வேண்டும்.

ஆதரித்தவர் என்றால் துப்பாக்கி ஏந்தியவர் மட்டுமல்ல. படைக்குத் தானியமோ மாட்டு வண்டியோ கொடுத்தவர், புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர், புரட்சிக் குழுக்களில் பணியாற்றியவர், போர்ச் செலவுக்கென விதிக்கப்பட்ட வரியைச் செலுத்தியவர் ஆகியோரும் அக்கணக்கில் சேர்க்கப்படுகின்றனர். ஒரு போரை நடத்துவது படைவீரன் மட்டுமல்லன்; அவனுக்குச் சோறிட்டவளும் அவனை மறைத்து வைத்தவனும் அதில் பங்காளிகளே என்ற உண்மை இந்த விதிகளில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

ஆனால் சான்றுகள் எளிதில் கிடைப்பதில்லை. 1800 நவம்பர் 8ஆம் திகதி வொஷிங்டனில் போர்த் திணைக்களத்தில் மூண்ட தீயில் புரட்சிப் படையின் பதிவேடுகளிற் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 1814 ஓகஸ்டில் பிரித்தானியப் படை அந்நகரைத் தீயிட்டபோது மேலும் பல ஆவணங்கள் அழிந்தன. இழந்ததை ஈடுசெய்தது எதிர்பாராத ஓர் ஏற்பாடு. 1818ஆம் ஆண்டிலும் பின்னர் 1832ஆம் ஆண்டிலும் நிறைவேற்றப்பட்ட ஓய்வூதியச் சட்டங்களின் கீழ், முதுமையடைந்த போர்வீரர்கள் நீதிமன்றங்களுக்குச் சென்று தாம் எங்கே, யாருடைய கட்டளையின் கீழ், எத்தனை மாதம் சேவை புரிந்தனர் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தனர். 1836இலிருந்து கைம்பெண்களும் கூடுதலாக இவ்வுரிமையைப் பெற்றனர். திருமணத்தை நிரூபிப்பதற்காகக் குடும்ப வேதாகமத்தின் முதற்பக்கங்களைக் கிழித்தெடுத்துச் சத்தியக் கடதாசியுடன் இணைத்த மூதாட்டிகளும் உண்டு. அவ்வாறு சேர்ந்த கோப்புகள் ஏறத்தாழ 80,000 அமெரிக்கத் தேசிய சுவடிக்கூடத்தில் உள்ளன. ஏழைகளின் உதவித்தொகை விண்ணப்பங்களே இன்று அந்நாட்டின் வரலாற்று மூலங்களாகிவிட்டன.

அமெரிக்கர்களின் பாட்டன்மாரைப் பற்றி யாழ்ப்பாணத்துப் பத்திரிகையாளனாகிய எனக்கு என்ன கவலை என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்தப் புரட்சிப் போரில் உயிரிழந்த ஒருவரின் பேரன் யாழ்ப்பாணத்து மண்ணில் ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து, எங்கள் மூதாதையரின் நோய்க்கு மருந்து கொடுத்திருக்கிறார். ஸ்கடர் குடும்பத்துடன் எனக்கு இரத்த உறவு ஏதுமில்லை. ஆயினும் எங்கள் ஊர்களின் வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட ஒரு மனிதரின் வேர் எங்கே என்று அறிய விரும்புவது இயல்பே.

வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1793இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் ஃப்றீஹோல்ட் என்ற ஊரிற் பிறந்தவர். பிரின்ஸ்டனிலும் பின்னர் நியூயோர்க்கிலும் கல்வி கற்று 1813இல் வைத்தியரானார். நியூயோர்க் நகரில் நன்கு தொழில் நடத்திவந்த காலத்தில், ஒரு நோயாளியைப் பார்க்கச் சென்ற வீட்டில் கிடைத்த கிறிஸ்தவத் துண்டுப் பிரசுரம் ஒன்று அவரது மனதை மாற்றியது என்பர். 1819 ஜூன் 8ஆம் திகதி மனைவி ஹரியற்றுடன் பொஸ்டன் துறைமுகத்தில் 'இன்டஸ்' என்ற கப்பலில் ஏறினார். வின்ஸ்லோ, ஸ்போல்டிங், வூட்வேர்ட் ஆகியோரும் உடன் பயணம் செய்தனர். உடுவிலின் பெண்கல்வி வரலாற்றையும் தமிழ் அகராதி வரலாற்றையும் அறிந்தவர்களுக்கு முதலிரு பெயர்களும் பழக்கமானவை.

1820இல் ஸ்கடர் பண்டத்தரிப்பில் நிலைகொண்டார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற முதலாவது மருத்துவ மிசனறி அவரே எனக் கருதப்படுகிறார். 1836இல் அச்சுக்கூடம் ஒன்றை அமைக்கும் நோக்குடன் வின்ஸ்லோவுடன் சென்னைக்குச் சென்றார். 1855 ஜனவரியில் நன்னம்பிக்கை முனையில் காலமானார். அவருடைய மூத்த புதல்வருள் ஒருவரான ஹென்றி மார்ட்டின் பண்டத்தரிப்பிற் பிறந்தார். கடைசிப் புதல்வரான இளைய ஜோன் 1835இல் சாவகச்சேரியிற் பிறந்தார். இந்த இளைய ஜோனின் மகள்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர். நான்கு தலைமுறைகளில் இக்குடும்பத்தைச் சேர்ந்த நாற்பதுக்கு மேற்பட்டோர் மிசன் பணியில் ஈடுபட்டதாகக் கூறுவர்.

இவ்வளவும் எம்மவர் பலரும் எழுதியவைதாம். பண்டத்தரிப்பில் தொடங்கி வேலூரில் முடியும் கதை நன்கு தெரிந்தது. பண்டத்தரிப்புக்கு முன்னர் என்ன என்ற கேள்வியை எழுப்பியவர்கள் குறைவு. அக்கேள்வியைப் பின்தொடர்ந்தபோதுதான் ஐடா அம்மையாரின் தந்தைவழியில் பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று மூன்று படிகள் மேலேறினால் நிற்பவர் ஒரு புரட்சிக்காரர் என்பது தெரியவந்தது. ஐடாவின் தந்தை இளைய ஜோன். பாட்டனார் பண்டத்தரிப்பு வைத்தியர். பூட்டனார் ஜோசப் ஸ்கடர் என்ற வழக்கறிஞர். ஓட்டனார் கேணல் நதானியேல் ஸ்கடர்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். முன்னோரைத் தேடுகிறவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் அது. ஜோன் ஸ்கடர் என்ற பெயரில் அதே குடும்பத்தில் இன்னொரு வைத்தியரும் இருந்திருக்கிறார். நதானியேலின் மகன் ஜோன் அண்டர்சன் ஸ்கடர் 1777இல் மொன்மத் மாவட்டப் படைப்பிரிவில் அறுவை வைத்தியரின் உதவியாளராகக் கடமையாற்றி, பிற்காலத்தில் அமெரிக்கக் கொங்கிரஸிலும் அங்கம் வகித்தவர். இவர் எங்கள் பண்டத்தரிப்பு வைத்தியரின் பெரிய தந்தையார். பெயரும் தொழிலும் ஊரும் ஒன்றாக இருப்பதால் ஒருவரின் சேவையை மற்றவரின் தலையில் ஏற்றிவிடுவது மிக எளிது. எங்கள் ஊரிலும் பாட்டனின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் உண்டல்லவா? ஒரே காணியின் உறுதிகளில் இரண்டு கந்தையாக்களும் மூன்று வேலுப்பிள்ளைகளும் தோன்றும்போது நொத்தாரிசுமாரே தலையைச் சொறிவதைக் கண்டிருக்கிறேன். பெயரை நம்பாமல் திகதியை நம்ப வேண்டும் என்பதே இத்துறையின் முதற்பாடம்.

நதானியேல் ஸ்கடர் 1733இற் பிறந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் என இன்று அறியப்படும் நியூ ஜேர்சிக் கல்லூரியில் 1751இல் பட்டம் பெற்று, மொன்மத் மாவட்டத்தில் வைத்தியத் தொழில் நடத்தினார். அடுத்த ஆண்டில் இசபெல்லா அண்டர்சனை மணந்தார். நாற்பது வயது வரையில் அவர் ஒரு நாட்டுப்புற வைத்தியர். தேவாலயத்தில் மதிப்புக்குரிய மனிதர். பிரித்தானிய முடியுடன் குடியேற்றங்களுக்கு இருந்த முரண்பாடு முற்றிய 1774ஆம் ஆண்டிலிருந்துதான் அவரை அரசியல் ஆவணங்களிற் காண்கிறோம். மாகாணப் பேரவையிலும் பாதுகாப்புக் குழுவிலும் இடம்பெற்றார். 1776இல் மொன்மத் குடிப்படையின் முதலாவது பிரிவில் லெப்டினன்ட் கேணலாகவும் பின்னர் கேணலாகவும் நியமிக்கப்பட்டார். பதின்மூன்று குடியேற்றங்களின் பொதுப் பேரவையாகிய கண்டக் கொங்கிரஸுக்கும் நியூ ஜேர்சியின் பிரதிநிதியாக அனுப்பப்பட்டார்.

அவர் செய்தவற்றுள் வரலாற்று முக்கியத்துவம் மிக்கதெனத் துப்பாக்கி சுமந்ததை நான் கருதவில்லை. ஒரு கடிதம் எழுதியதையே அவ்வாறு கருதுகிறேன். புதிய மாநிலங்களை ஒன்றிணைக்கும் கூட்டிணைப்பு உறுப்புரைகள் தயாராகியிருந்த வேளையில், நியூ ஜேர்சி அவற்றில் ஒப்பமிடத் தயங்கியது. மேற்கே உள்ள பரந்த நிலங்கள் வேர்ஜீனியா போன்ற பெரிய மாநிலங்களுக்கே சென்றுவிடும், சிறிய மாநிலத்துக்கு வரிச்சுமை மட்டுமே மிஞ்சும் என்பது அதன் அச்சம். அச்சத்தில் நியாயமும் இருந்தது. 1778 ஜூலையில் ஸ்கடர் தமது மாநிலச் சட்டமன்றச் சபாநாயகர் ஜோன் ஹார்ட்டுக்கு எழுதி, குறைகள் இருப்பினும் ஒற்றுமையை ஒத்திப்போடுவது போரையே தோற்கச் செய்யும் என்ற கருத்தில் வற்புறுத்தினார். அவ்வாண்டு நவம்பரில் நியூ ஜேர்சி இணங்கியது. 26ஆம் திகதி ஜோன் விதர்ஸ்பூனுடன் ஸ்கடரும் ஒப்பமிட்டார். தமது பகுதியின் நியாயமான குறையை விட்டுக்கொடுத்து முழுமைக்காகப் பேசுவது எளிதான செயலன்று.

1781 ஒக்டோபர் நடுப்பகுதியில் அவரது முடிவு நேர்ந்தது. பிரித்தானியருடன் சேர்ந்திருந்த அகதிப்படையினர் மொன்மத் மாவட்டத்தில் புகுந்து திரும்பிச் செல்லும்போது, ஷ்ரூஸ்பரிக்கு அண்மையில் பிளாக்ஸ் பொயின்ற் என்ற இடத்தில் குடிப்படை அவர்களைத் துரத்தியது. அம்மோதலில் ஸ்கடர் சுடப்பட்டு இறந்தார். அருகில் நின்ற ஜெனரல் டேவிட் ஃபோர்மனுக்குக் குறிவைத்த குண்டே அவர் மீது பாய்ந்தது என்று ஒரு செவிவழிக் கதையும் உண்டு. அம்மாதம் 19ஆம் திகதி யோர்க்டவுனில் கோர்ன்வாலிஸ் பிரபுவின் படை சரணடைந்தது. போரின் முடிவைத் தீர்மானித்த அந்நிகழ்ச்சிக்குச் சில நாட்களே எஞ்சியிருந்தன. கண்டக் கொங்கிரஸில் அங்கம் வகித்தவர்களுள் சமர்க்களத்தில் உயிர்விட்டவர் இவர் ஒருவரே என்று குறிப்பிடுவர். ரெனன்ற் என்ற இடத்திலுள்ள பழைய தேவாலய மயானத்தில் அவரது கல்லறை உள்ளது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் கட்டுரை ஒரு வீரவணக்கமாக நிறைவுபெறும். குடும்பங்களில் வழங்கும் கதைகளும் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் நின்றுவிடுகின்றன. ஆனால், செய்தி எழுதும் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த எனக்கு, ஒருவர் சுடப்பட்டார் என்று எழுதும்போது சுட்டவர் யார் என்று கேட்காமல் இருக்க இயலாது.

சுட்டவர்கள் இலண்டனிலிருந்து வந்த செங்கோட்டுப் படையினர் அல்லர். பெரும்பாலும் அதே மாவட்டத்தின் மைந்தர். மொன்மத் மாவட்டத்தில் அரசனுக்கு விசுவாசமானவர்களும் புரட்சியை ஆதரித்தவர்களும் அயலவர்களாக, உறவினர்களாக, ஒரே தேவாலயத்து மக்களாக வாழ்ந்தனர். போர் மூண்டபின் ஒரு சாரார் மறுசாராரின் நிலங்களைப் பறிமுதல் செய்து ஏலத்தில் விற்றனர். விரட்டப்பட்டவர்கள் கடற்கரையிலுள்ள சாண்டி ஹூக் முனையில் பிரித்தானியரின் நிழலில் தங்கி, இரவில் வந்து பழைய அயலவர்களின் வீடுகளை எரித்தனர், மாடுகளை ஓட்டிச் சென்றனர், ஆட்களைக் கடத்தினர். 1780இல் ஃபோர்மனின் தலைமையில் பழிவாங்கும் சங்கம் என்று வெளிப்படையாகவே பெயர் கொண்ட ஓர் அமைப்பு இங்கு தோன்றியது. சட்டமும் நீதிமன்றமும் இருந்தும், கண்ணுக்குக் கண் என்ற நீதி கோலோச்சிற்று.

யோர்க்டவுனுக்குப் பின்னரும் இந்தத் தீ அணையவில்லை. 1782 ஏப்ரலில் இராஜ விசுவாசிகள் மொன்மத்தின் குடிப்படைத் தலைவரான ஜோசுவா ஹடியைத் தூக்கிலிட்டனர். தங்கள் ஆள் ஒருவர் கொல்லப்பட்டதற்குப் பழி என்று காரணம் கூறினர். அதற்குப் பதிலாக வொஷிங்டன், கைதியாக இருந்த பிரித்தானிய இளம் அதிகாரியான சார்ள்ஸ் அஸ்கிலைச் சீட்டுக் குலுக்கித் தெரிவுசெய்து தூக்குக்கு ஆயத்தப்படுத்தினார். அஸ்கிலின் தாயார் பிரான்சின் வெளிநாட்டமைச்சருக்கு உருக்கமாக மன்றாடியதன் பின்னரே அந்த இளைஞன் நவம்பரில் உயிர் தப்பினான். பேச்சுவார்த்தை மேசைகளில் போர் முடிந்துகொண்டிருந்தபோதும் ஊர்களில் அது முடியவில்லை. இதனை எங்கள் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

அம்மாவட்டத்துக் கதையில் இன்னொரு மனிதரும் இருக்கிறார். அவரது பெயர் ரைற்றஸ். ஜோன் கோர்லிஸ் என்பவருக்கு அடிமையாக இருந்தவர். 1775 நவம்பரில், வேர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர் பிரபு தம்முடன் சேரும் கிளர்ச்சியாளரின் அடிமைகளுக்கு விடுதலை என்று பிரகடனம் செய்த அதே மாதத்தில், ரைற்றஸ் எசமானிடமிருந்து தப்பியோடினார். சில ஆண்டுகளில் கேணல் ரை என்ற பெயரில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கலந்த ஒரு படையணியின் தலைவராக மொன்மத்துக்கு மீண்டார். 1780இல் அவரது தாக்குதல்களால் மாவட்டம் நடுங்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் மேற்சொன்ன ஹடியின் வீட்டை முற்றுகையிட்டபோது மணிக்கட்டில் காயமுற்று, அது ஏற்புவலியாக மாறி இறந்தார்.

நதானியேல் ஸ்கடர் விடுதலைக்காகப் போராடினார். கேணல் ரையும் விடுதலைக்காகவே போராடினார். ஒருவர் அரசனை எதிர்த்து நின்றார். மற்றவர் அரசனின் பக்கம் நின்றார். இருவரும் ஒரே மாவட்டத்தவர். ஓராண்டு இடைவெளியில் மாண்டவர்கள். ஒருவருக்குக் கல்லறையும் ஒப்பமிட்ட ஆவணமும் கடிதங்களும் பேரன்மாரும் உண்டு. மற்றவரின் புதைகுழி எவருக்கும் தெரியாது. அவர் பிறந்த மாநிலம் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது 1804இல்தான்.

புரட்சியின் புதல்வியர் சங்கமும் நெடுங்காலம் இத்தகைய மறதியிலேயே இருந்தது. கறுப்பினப் பாடகி மரியன் அண்டர்சனைத் தமது மண்டபத்தில் பாட அனுமதிக்க 1939இல் அச்சங்கம் மறுத்ததும், ஜனாதிபதியின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட் அங்கத்துவத்தைத் துறந்ததும், அண்டர்சன் லிங்கன் நினைவாலயப் படிகளில் நின்று பெருந்திரளான மக்கள் முன் பாடியதும் உலகறிந்தவை. தன் முன்னோர் புரட்சிக்குப் பணியாற்றியதை நிரூபித்த ஒரு கறுப்பினப் பெண் அச்சங்கத்தில் ஏற்கப்பட 1977 வரை செல்ல வேண்டியிருந்தது. பின்னர் அதே சங்கம் ஆவணங்களைத் துருவி, புரட்சியின் பக்கம் நின்ற கறுப்பினத்தவரும் அமெரிக்கப் பழங்குடியினருமாக 6,600க்கு மேற்பட்டோரின் பெயர்களைத் திரட்டி 2008இல் நூலாக வெளியிட்டது. தேடல் நேர்மையானதாக இருந்தால் தேடுகிறவர்களையே அது திருத்திவிடும் என்பதற்கு இது சான்று.

தோற்ற தரப்பின் பெயர்களும் ஓரளவு கிடைக்கின்றன. 1783இல் பிரித்தானியர் நியூயோர்க்கைக் காலிசெய்தபோது தம்முடன் கப்பலேறிய ஏறத்தாழ 3,000 கறுப்பினத்தவரின் பெயர், வயது, முன்னாள் எசமானர் முதலிய விபரங்களை ஒரு பேரேட்டில் எழுதினர். இழப்பீடு கேட்கக்கூடிய அடிமை உடைமையாளர்களுக்காக எழுதப்பட்ட கணக்கு அது. இன்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஆபிரிக்காவின் சியரா லியோனிலும் வாழும் சந்ததியினர் தமது முன்னோரைக் காண்பது அப்பேரேட்டில்தான். எவருக்காகவோ எழுதப்பட்ட பதிவு இன்னொருவருக்கு வேராகிறது.

இந்தப் போர் எங்கள் கரைகளையும் தொட்டது என்பதைச் சொல்லாமல் விடலாகாது. அமெரிக்கருடன் ஒல்லாந்தர் நடத்திய வாணிபத்தைக் காரணம் காட்டி 1780 டிசம்பரில் பிரித்தானியா ஒல்லாந்தின் மீது போர் தொடுத்தது. இலங்கைக் கரையோரம் அப்போது ஒல்லாந்தர் வசம் இருந்தது. 1781 நவம்பரில் நாகபட்டினம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. நதானியேல் ஸ்கடர் இறந்து மூன்று மாதங்கள் கழியுமுன்னர், 1782 ஜனவரியில் திருகோணமலையும் வீழ்ந்தது. அமெரிக்கரின் நேசநாடான பிரான்சின் கடற்படைத் தளபதி சஃப்ரன் ஓகஸ்ட் மாத இறுதியில் அதனை மீட்டார். செப்டெம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே இரு கடற்படைகளும் பொருதின. அதே ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், தனது கப்பல் ஒன்றுக்கு மைசூரின் ஹைதர் அலியின் பெயரைச் சூட்டியிருந்தது. ஆங்கிலேயரை எதிர்க்கும் எவரும் நண்பரே என்ற நினைப்பு அக்காலத்தில் கடல்களைத் தாண்டி ஓடியது.

யோர்க்டவுனில் தோற்ற கோர்ன்வாலிஸ் பிரபு ஐந்தே ஆண்டுகளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகி, 1792இல் ஹைதரின் மகன் திப்புவை அடிபணிய வைத்தார். ஒரு பேரரசு மேற்கே இழந்ததைக் கிழக்கே ஈட்டிக்கொண்டது. அந்தக் கிழக்குப் பேரரசின் ஒரு மூலையில்தான், நதானியேலின் பேரன் வந்து இறங்கினார்.

அவர் வந்த வேளையும் கவனத்துக்குரியது. கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்க மிசனறிமாரைத் தனது ஆட்சிப்பரப்பில் வரவேற்கவில்லை. 1812இல் கல்கத்தாவில் இறங்கியவர்கள் வெளியேற்றப்பட்டனர். முடிக்குரிய குடியேற்றமான இலங்கையில் ஆளுநர் பிரவுண்றிக் இடம் கொடுத்ததாலேயே 1816இல் அமெரிக்கர் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற எட்வேர்ட் பார்ன்ஸ் அக்கதவை மூடினார். 1820 ஓகஸ்டில் வந்த ஜேம்ஸ் கரற் என்ற அச்சாளர் தீவைவிட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டார். ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் நீடித்த அத்தடைக்குச் சில மாதங்கள் முன்பாகவே ஸ்கடர் தம்பதியர் வந்து சேர்ந்திருந்தனர். பிந்தியிருந்தால் பண்டத்தரிப்பு மருத்துவ நிலையமும் இல்லை. ஒருவேளை வேலூரும் இல்லை.

பாட்டனைக் கொன்ற தரப்பின் கொடி பறந்த நிலத்தில், அந்தக் கொடியின் அனுமதியுடன் பேரன் வைத்தியம் செய்தார். அவர் பிறந்தபோது பாட்டனார் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன, முகம் கண்டதில்லை. பாட்டனின் வைத்தியத் தொழிலை எடுத்துக்கொண்டார். பாட்டனின் பகையைச் சுமக்கவில்லை. அவர் கொண்டுவந்த மதத்தைப் பற்றி எம்மவரிடையே வெவ்வேறு கருத்துகள் உள்ளன. ஆறுமுக நாவலர் காலந்தொட்டே இருந்துவருபவை அவை. அவற்றுக்குள் நான் இங்கே செல்லவில்லை. முன்னோர் விட்டுச்செல்வனவற்றுள் எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு தலைமுறையும் தானே முடிவு செய்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இனி எங்கள் நிலைக்கு வருகிறேன். என் தந்தைவழியில் பூட்டனாரின் பெயர் எனக்குத் தெரியும். அதுவும் ஒரு காணி உறுதியில் இருந்ததால் தெரியும். ஓட்டனாரின் பெயர் தெரியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது எரிந்த ஏடுகளையும், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து வெளியேறிய மக்கள் விட்டுச்சென்ற பெட்டகங்களையும், வன்னியில் 2009இல் மண்ணோடு போன கடதாசிக் கட்டுகளையும் நினைத்துப் பார்த்தால், வொஷிங்டனில் 1800இல் மூண்ட தீ சிறியதாகவே தோன்றும். அமெரிக்கர் தம் இழப்பை எவ்வாறு ஈடுசெய்தனர் என்பதை மேலே கூறினேன். உயிரோடிருந்த முதியவர்களிடம் கேட்டு எழுதினர். போர் முடிந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் எழுதினர். எங்களுக்கும் அந்தக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் பாரிசிலும் இருந்து இதனைப் படிப்பவர்களிடம் கேட்பது சிறிய விடயமே. வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் தாய்வழியிலும் தந்தைவழியிலும் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். ஊரும் ஆண்டும் சேர்த்து எழுதுங்கள். இதைச் சொன்னவர் யார், என்றைக்குச் சொன்னார் என்றும் குறியுங்கள். பிறப்பத்திரம், விவாகப் பத்திரம், உறுதி, பாடசாலை விடுகைப் பத்திரம் எது இருந்தாலும் படியெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் ஒரு பக்கம் நின்றார் என்றால், அதே வீட்டில், அதே ஒழுங்கையில், மறுபக்கம் நின்றவரும் இருந்திருப்பார். எந்தப் பக்கமும் நில்லாமல் சோறு மட்டும் கொடுத்தவரும் இருந்திருப்பார். அவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். நதானியேல் ஸ்கடரின் பெயரை அவரது பேரப்பிள்ளைகள் காத்தனர். கேணல் ரையின் பெயரைக் காக்க எவரும் இல்லாததால், வரலாற்றாசிரியர்கள் அதனை அவரது எதிரிகளின் கடதாசிகளிலிருந்து தேடி எடுக்க வேண்டியதாயிற்று.